அழுத்தாத கை

சலூன்காரருக்கு அந்தத் தெருவில் 'சொடக்கு மாஸ்டர்' என்று பெயர். முடி வெட்டுவதில் அவரைவிடக் கெட்டிக்காரர்கள் ரெண்டு தெரு தள்ளியே இருந்தார்கள். ஆனால் வெட்டி முடித்த பிறகு பத்து விரலையும் தலையில் பரப்பி, பிடரியைப் பிடித்து, தோளை அமுக்கி, கடைசியில் தாடையில் ஒரு கையும் பின்னந்தலையில் ஒரு கையும் கொடுத்து 'டக்'கென்று ஒரு திருப்புத் திருப்புவாரே, அதற்காகவே ஆட்கள் பெஞ்சில் முக்கால் மணி நேரம் காத்துக் கிடப்பார்கள்.

"பத்து வயசு குறைஞ்ச மாதிரி இருக்கு மாஸ்டர்."

"குறைஞ்ச வயசை இங்கயே விட்டுட்டுப் போங்க, எனக்கு ஆகும்" என்பார் அவர். முப்பது வருஷமாக அதே பதில். பெஞ்சில் இருப்பவர்களும் முப்பது வருஷமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் மனைவிக்கு மார்பில் கட்டி வந்து, ஆபரேஷன் ஆகி, சரியாகிவிட்டது என்று எல்லோரும் மூச்சு விட்ட பிறகு, நோய் எலும்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. முதுகெலும்பு, இடுப்பு, விலா. "இனிமேல் மருந்து வலிக்கு மட்டும்தான், வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். வாரத்துக்கு ரெண்டு தடவை ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ் வீட்டுக்கு வந்து பார்ப்பாள் என்றும் சொல்லியனுப்பினார்கள்.

கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் வீடு. பிள்ளைகள் கிடையாது. மனைவியின் தங்கைதான் பெட்டியோடு வந்து கூடவே தங்கிவிட்டாள். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். பக்கத்திலேயே ஒரு பாலர் பள்ளியில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. மூன்று வயசு, நாலு வயசுப் பிள்ளைகள் இடுப்பில் ஒன்று, தோளில் ஒன்று என்று அவள்மேல் ஏறித் திரியும். காலையில் அக்காவைக் குளிப்பாட்டிவிட்டு வேலைக்குப் போவாள், மதியம் திரும்பிவிடுவாள்.

இந்த ஏற்பாட்டில் மாஸ்டருக்கென்று ஒரு வேலையும் இல்லை. ரெண்டு வருஷமாக ஆஸ்பத்திரி வராந்தாவில் ஃபைலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றதுதான் அவர் செய்தது. கடையில் ராஜா மாதிரி இருந்துவிட்டு, மாடி ஏறி வந்தால் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நிற்பார்.

கடைக்கு விடுமுறை விடும் நாள் அது. மதியம், மச்சினி மருந்து வாங்கப் போயிருந்தாள். மனைவி சொன்னாள், "முதுகு பலகை மாதிரி இறுகிக் கிடக்குதுங்க. கொஞ்சம் நீவி விடறீங்களா?"

அவருக்குக் கேட்ட மாத்திரத்தில் முகம் மலர்ந்துவிட்டது. "இதை இவ்வளவு நாள் கழிச்சா கேக்கறே? ஊரே என்கிட்ட வந்து உக்காந்துட்டுப் போகுது!"

"பெஞ்சுல கூட்டமா இருந்துச்சு. என் முறை இப்பத்தான் வந்துச்சு" என்றாள் அவள்.

தலையணையைக் கட்டிக்கொண்டு முன்னால் சாய்ந்தபடி அவளை உட்கார வைத்தார். கொஞ்சம் எண்ணெய் எடுத்து உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டார். முதலில் மெதுவாகத்தான் ஆரம்பித்தார். அவளும் "அம்மாடி, நல்லாருக்கு" என்றாள். அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது அவருக்கு. தோள்பட்டைக்குக் கீழே ஒரு முடிச்சு தட்டுப்பட்டது. முடிச்சு தட்டுப்பட்டால் விரல் விடாது. கட்டைவிரலை ஊன்றி, உடம்பின் கனத்தைக் கொஞ்சம் அதன்மேல் சாய்த்தார்.

பிஸ்கட் உடைவதுபோல ஒரு சின்னச் சத்தம்.

சொடக்குச் சத்தத்தில் எது நல்லது, எது கெட்டது என்று அந்தக் காதுக்குத் தெரியும். அவள் கத்தக்கூட இல்லை. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. பிறகு, "கையை எடுங்க" என்றாள், அவ்வளவுதான்.

எக்ஸ்ரேயில் விலா எலும்பு ஒன்று உடைந்திருந்தது. "எப்படி ஆச்சு? விழுந்தாங்களா?" என்று கேட்டார் டாக்டர். சின்ன வயசு டாக்டர், கையில் பேனாவைப் பிடித்தபடி.

"இருமினா டாக்டர்" என்றார் மாஸ்டர். "விடாம இருமினா."

அந்தப் பொய் எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. ஸ்ட்ரெச்சரில் கண்ணை மூடிப் படுத்திருந்த மனைவி, கண்ணைத் திறக்காமலே "ஆமாம், இருமல்தான்" என்றாள்.

அத்தோடு போயிருக்கும். ஆனால் தகவல் கேட்டு ஓடி வந்திருந்த மச்சினி முன்னால் வந்தாள். முகம் வெளுத்திருந்தது. "டாக்டர், காலையில குளிப்பாட்டும்போது நான்தான் அக்காவை ஒருக்களிச்சுப் படுக்க வச்சேன். இந்தப் பக்கம் பிடிச்சு இழுத்தேன். அதனால இருக்குமா?"

"இருக்கலாம்மா. இந்த நிலைமையில எலும்பு எதுக்கு வேணாலும் விட்டுக் கொடுத்துடும். யார் மேலயும் தப்புச் சொல்ல முடியாது."

டாக்டர் சொன்னதில் 'இருக்கலாம்' என்ற ஒரு சொல் மட்டும்தான் மச்சினி காதில் விழுந்தது. அது மாஸ்டருக்கு நன்றாகத் தெரிந்தது. அவள் பக்கத்திலேயேதான் நின்றுகொண்டிருந்தார். இல்லைம்மா, நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போக ஆள் வந்துவிட்டது. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். ஒரு நாள் தள்ளிப்போனது. தள்ளிப்போனதே ரெண்டாவது தப்பாகிவிட்டதால், அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியதாயிற்று. இப்படியே நாளுக்கு நாள் கனம் கூடிக்கொண்டே போனது.

வீடு திரும்பியதிலிருந்து மனைவியை யாரும் சரியாகத் தொடவில்லை. மச்சினி ஈரத்துணியால் துடைத்துவிட்டாள். ஆனால் சூடான பாத்திரத்தைப் பிடிப்பதுபோல நுனி விரலால் தொட்டுவிட்டு உடனே எடுத்துக்கொள்வாள். மாஸ்டர் மாத்திரை கொடுத்தால் டம்ளரை மேஜையில் வைத்துவிட்டு ஒரு எட்டுத் தள்ளி நிற்பார். நடுவில் கட்டிலில், கண்காட்சியில் வைத்த கண்ணாடிச் சாமான் மாதிரி அவள் கிடந்தாள்.

ஒரு சாயங்காலம் மச்சினி பால் காய்ச்சிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்: "அத்தான், ஸ்கூல்ல பெரிய டீச்சர்கிட்டச் சொல்லிட்டேன். இனிமே கூட்டறது, பாத்திரம் கழுவறது மட்டும் செய்யறேன்னு."

"ஏன்?"

"நேத்து ஒரு பிள்ளை சறுக்குல இருந்து கையை நீட்டுச்சு. தூக்கப் போனேன். விலாப்பக்கம் கை வச்சதும் உடம்பெல்லாம் வேர்த்துப்போச்சு. அப்படியே விட்டுட்டேன். நல்லவேளை, கீழ மணல்."

"அதெல்லாம் போகப்போகச் சரியாயிடும்மா" என்றார் மாஸ்டர். சொல்லிவிட்டு, தன்மீதே அருவருப்பாகி, செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்கு இறங்கிப் போனார். அன்றைக்கு ஒரு வாடிக்கையாளரின் காதோரத்தில் கத்தி பட்டு ரத்தம் வந்தது. முப்பது வருஷத்தில் முதல் தடவை. படிகாரத்தை வைத்து அமுக்கிக்கொண்டு, "மன்னிச்சிடுங்க, மன்னிச்சிடுங்க" என்று அவர் சொன்ன மாதிரியைப் பார்த்து, வெட்டுப்பட்டவரே அவரைச் சமாதானப்படுத்த வேண்டியதாயிற்று.

நர்ஸ் வந்தபோது இந்தக் கூத்தெல்லாம் ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது அவளுக்கு. குண்டாக, மூச்சு வாங்கிக்கொண்டு மூன்று மாடி ஏறி வரும் நடுத்தர வயசுக்காரி. மருந்தைச் சரிபார்த்து, புண் ஏதும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பையை மூடப் போனவள் நிறுத்தி, "அம்மா, உங்களுக்கு என்ன வேணும்? மருந்தைத் தவிர" என்று கேட்டாள்.

மனைவி போர்வை நுனியை இழுத்துவிட்டுக்கொண்டாள். "யாராவது கொஞ்சம் தொட்டா நல்லாருக்கும்" என்றாள். சொல்லிவிட்டு, கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டவள் மாதிரி சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மச்சினி எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள். மாஸ்டர் நின்ற இடத்திலேயே நின்றார்.

"சார், வாங்க, உக்காருங்க" என்றாள் நர்ஸ். "கை சில்லுனு இருக்கா? வெந்நீர்ல கழுவிட்டு வாங்க."

"வேணாம் சிஸ்டர். என் கை முரட்டுக் கை."

"முதல்ல என் கையில செஞ்சு காட்டுங்க. நான் உடைய மாட்டேன், உடம்பைப் பாத்தாலே தெரியலையா?"

அவள் நீட்டிய முன்கையில் ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டு, மணிக்கட்டிலிருந்து மேலே தடவினார். தன்னால் முடிந்த அளவு மெதுவாகத்தான்.

"இன்னும் கம்மி."

குறைத்தார்.

"இன்னும். சார், உங்க கை எதையோ தேடுது. எங்க முடிச்சு இருக்கு, எங்க பிடிப்பு இருக்குன்னு பாக்குது. அதெல்லாம் கடையோட வச்சுக்கோங்க. இங்க சரி பண்ண ஒண்ணும் இல்ல. கையைக் கொண்டுபோய் வைங்க. கையோட கனம் எவ்வளவோ அவ்வளவு போதும். தண்ணி மேல வச்ச மாதிரி, முழுக் கையும் பட்டுட்டே போகணும்."

சரி பண்ண ஒண்ணும் இல்ல. அந்தச் சொல் அவரை என்னவோ செய்தது. இருந்தாலும் செய்தார். நாலைந்து தடவைக்குப் பிறகு நர்ஸ், "ம், இதுதான்" என்றாள். பிறகு மனைவியின் உள்ளங்கையைத் தன் கைக்குள் எடுத்து, அதன்மேல் அவர் கையை வைத்தாள். "முகத்தைப் பாத்துக்கிட்டே செய்யுங்க. புருவம் சுளிச்சா நிறுத்திடுங்க. விலாப்பக்கம், இடுப்புப் பக்கம் போகவே வேணாம். கை, பாதம், நெத்தி. பத்து நிமிஷம் போதும். அவங்க கையை இழுத்துக்கிட்டா, போதும்னு அர்த்தம். கோவிச்சுக்கக் கூடாது."

"கோவிச்சுக்குவார். பாதியில எழுந்து போன கிராக்கியைக்கூட இவர் மறக்க மாட்டார்" என்றாள் மனைவி, கண்ணை மூடியபடி.

அவள் விரல்கள் எலும்பும் தோலுமாக இருந்தன. இத்தனை வருஷத்தில் இந்தக் கையை அவர் இப்படிப் பார்த்ததே இல்லை. பெருவிரல் பக்கத்தில் எப்போதோ சுட்டுக்கொண்ட தழும்பு ஒன்று இருந்தது. எப்போது என்று கேட்கவில்லை. தடவிக்கொண்டே இருந்தார். புருவத்தின் நடுவில் எப்போதும் இருந்த மடிப்பு, எப்போது போனது என்று தெரியாமல் போயிருந்தது. நர்ஸ் சத்தமில்லாமல் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அதிலிருந்து தினமும் மதியம் கடையைப் பூட்டிவிட்டு மேலே வந்தார். நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ, பாதத்தைத் தடவிக்கொண்டிருந்தபோது மனைவி, "என் தங்கச்சி துடைச்சு விடற நேரம் போக உள்ளயே வர மாட்டேங்கறா" என்றாள்.

"வேலை இருக்கும்."

"அவளுக்கு என்ன வேலை? வாசல்ல நின்னு எட்டிப் பாத்துட்டுப் போறா. நீங்க அவகிட்டச் சொல்லிடுங்க."

அவர் கை நின்றது. உடைந்த நாளிலிருந்து அவர்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

"நீ சொல்லியிருக்கலாமே."

"நான் சொன்னா, உங்களைக் காட்டிக் கொடுத்ததாயிடும். நீங்களா சொன்னாத்தான் நீங்க சொன்னதா இருக்கும். இன்னைக்குச் சொல்வீங்க, நாளைக்குச் சொல்வீங்கன்னு நானும் பாத்துட்டே இருந்தேன். எனக்கு அவ்வளவு நாள் இல்லைங்க."

மச்சினி சமையலறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மாஸ்டர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று, சுற்றி வளைக்காமல் சொன்னார். "அன்னைக்கு நீ மருந்து வாங்கப் போனப்போ அக்காவுக்கு முதுகு அமுக்கி விட்டேன். அப்பத்தான் உடைஞ்சுது. சத்தம் எனக்கே கேட்டுச்சு. நீ ஒருக்களிச்சதுனால இல்லம்மா."

அவள் மடித்துக்கொண்டிருந்த போர்வையை மார்போடு பிடித்துக்கொண்டு வெகுநேரம் அவரையே பார்த்தாள்.

"அக்காவுக்குத் தெரியுமா?"

இந்தக் கேள்வி வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. "தெரியும்" என்றார்.

அவள் போர்வையைப் போட்டுவிட்டு அறைக்குள் போனாள். மூன்று வாரத்தில் முதல் தடவையாகத் தயங்காமல் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். "நீயுமா? மூணு வாரம், அக்கா. சோறு இறங்கல எனக்கு. ஒரு பிள்ளையைத் தொட முடியல. இருமல்னு சொன்னியே, நான் பக்கத்துல நிக்கும்போதே!"

"தப்புத்தான்டி" என்றாள் அக்கா. "அவரைக் காப்பாத்தறேன்னு நினைச்சு உன்னைத் தள்ளிவிட்டுட்டேன்."

"நல்லா காப்பாத்தினே."

பெட்டியை எடுக்கவில்லை. கைப்பையை மட்டும் எடுத்துக்கொண்டு மச்சினி படியிறங்கிப் போனாள். தோழி ஒருத்தியின் வீட்டில் இருப்பதாக ராத்திரிக்குள் தகவல் மட்டும் வந்தது.

ரெண்டு நாள் அவள் வரவில்லை. அந்த ரெண்டு நாளில்தான் மனைவியின் உடம்பு மளமளவென்று மோசமாகிவிட்டது. முதல் நாள் பேச்சு இருந்தது. ரெண்டாம் நாள் தண்ணீர்கூட இறங்கவில்லை. நர்ஸ் வந்து பார்த்துவிட்டு, "சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிடுங்க சார்" என்றாள். மாஸ்டர் கடைப் பக்கம் போகவே இல்லை. சாயங்காலம் கையைத் தடவும்போது, மனைவி மெதுவாகத் தன் கையை இழுத்துக்கொண்டாள். போதும் என்று அர்த்தம் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் நெஞ்சில் யாரோ குத்திய மாதிரி இருந்தது. தன் கையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

மூன்றாம் நாள் காலையில் பக்கத்து வீட்டு அம்மாவைக் கட்டிலருகே உட்கார வைத்துவிட்டு அவரே பாலர் பள்ளி வாசலுக்குப் போனார். பிள்ளைகளின் சத்தத்துக்கு நடுவே, கையில் துடைப்பத்தோடு மச்சினி வந்தாள்.

"என்னோட பேச வேணாம். என்னைப் பாக்கக்கூட வேணாம்" என்றார். "அக்காவுக்கு நேரம் நெருங்கிடுச்சு. வந்துடு."

அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு நடந்தாள். அவர் நாலடி பின்னால் நடந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் வெந்நீரில் கை கழுவினாள். வாசலில் நின்று எட்டிப் பார்த்தபோதே எல்லாவற்றையும் கவனித்திருக்கிறாள்போல. காலடியில் உட்கார்ந்து, ரெண்டு பாதங்களையும் உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டாள். அக்கா கண்ணைத் திறக்கவில்லை. பாதத்தின் விரல்கள் மட்டும் லேசாக அசைந்தன. அல்லது அப்படித் தோன்றியது.

"அக்கா, நான்தான்" என்றாள்.

மாஸ்டர் தலைமாட்டில் உட்கார்ந்து நெற்றியில் கையை வைத்தார். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல், ஒரே உடம்பின் ரெண்டு முனையில் ரெண்டு பேரும் இருந்தார்கள். கீழே தெருவில் யாரோ பைக்கைக் கிளப்ப முடியாமல் உதைத்துக்கொண்டே இருந்தார்கள். வெயில் ஜன்னலிலிருந்து கட்டிலுக்கு நகர்ந்து, கட்டிலிலிருந்து சுவருக்குப் போனது. மூச்சு நின்று, கொஞ்சம் கழித்து வந்தது. நின்று, வெகுநேரம் கழித்து வந்தது. அதன்பிறகு வரவில்லை. ரெண்டு பேருமே உடனே கையை எடுக்கவில்லை.

மாசம் ஒன்று ஆனபிறகு மச்சினி தன் பெட்டியை எடுக்க வந்தாள். அக்காவின் துணிகளையும் அவளே பிரித்து வைத்தாள். பள்ளியில் மறுபடியும் பிள்ளைகளோடு இருப்பதாகவும், தூக்கும்போது இன்னும் ஒரு நிமிஷம் யோசனை வருவதாகவும் சொன்னாள். அவளாகச் சொன்னது அவ்வளவுதான். மாஸ்டர் டீ போட்டு வைத்தார். அதைக் குடித்தாள்.

"உங்களை மன்னிச்சுட்டேன்னு சொல்ல வரல, அத்தான்."

"நானும் கேக்கல."

அவள் பெட்டியை மூடினாள். மூடி மேலேயே கையை வைத்துக்கொண்டு, "அந்த ரெண்டு நாள்ல அக்கா என்னைக் கேட்டாளா?" என்றாள்.

கேட்டுக்கொண்டே இருந்தாள் என்று சொல்லலாம். அது அவளை நொறுக்கும். கேட்கவே இல்லை, நிம்மதியாகத்தான் இருந்தாள் என்று சொல்லலாம். அதுவும் நொறுக்கும். மாஸ்டருக்கு ரெண்டும் நாக்கு நுனி வரை வந்தது.

"முதல் நாள் கேட்டா" என்றார். "மூணு தடவை. வந்துட்டாளா, வந்துட்டாளான்னு. ரெண்டாம் நாள் யாரையும் கேக்கல. என்னையும் கேக்கல. கையைக்கூட இழுத்துக்கிட்டா."

மச்சினி அழுதாள். அடக்காமல், பெட்டிமேல் தலையைச் சாய்த்து அழுதாள். அவர் எழுந்து போய்த் தோளில் கை வைக்கலாமா என்று யோசித்தார். வைக்கவில்லை. அழுது முடியும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தார்.

பிறகு அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து, "லிஃப்ட் வேலை செய்யுதா?" என்றாள்.

"இல்ல."

பெட்டியை அவர் எடுத்துக்கொண்டார். துணி மூட்டையை அவள் எடுத்துக்கொண்டாள். மூன்று மாடியும் இறங்கினார்கள். பஸ் வரும்வரை ரெண்டு பேரும் நிழலில் நின்றார்கள்.